சோழர் யானைகளோடு டர்பனில் ஒரு சனி, ஞாயிறு

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்து சேர்கிற தமிழ்க் குடும்பங்களின் முதல் வருடம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகும். சனிக்கிழமை மால், ஞாயிற்றுக்கிழமை கோயில், நடுவில் ஊருக்கு வீடியோ கால். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். அதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் இந்த நாட்டுக்காரர் ஒருவரோடு எதிரெதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேசும் வாய்ப்பு அந்த மூன்றிலுமே கிடைக்காது. ஆபீஸில் பேச்சு வேலையோடு நின்றுவிடும். குடியிருக்கும் தெருவில் உயரமான மதில், அதன்மேல் மின்கம்பி, கார் உள்ளே போனதும் கேட் மூடிக்கொள்ளும், எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியவே மாதங்கள் ஆகும். எனக்கு இந்த ஊர் மனிதர்களை நெருக்கமாக்கியது கோயிலோ ஆபீஸோ இல்லை, மினியேச்சர் போர் விளையாட்டு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விரல்நுனி உயரமே உள்ள போர்வீரர் பொம்மைகளை வாங்கி, நாமே பெயின்ட் அடித்து, குன்றும் காடும் ஆறும் வைத்த மேஜையில் அணிவகுத்து, டேப் பிடித்துத் தூரம் அளந்து, டைஸ் உருட்டி ஆடும் ஆட்டம் இது. சதுரங்கம் மாதிரி கட்டங்கள் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் பிரஷ்யப் படை தன் அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்க இதே முறையில் மேஜைமேல் போர் நடத்திப் பார்த்தது, அங்கிருந்துதான் இது மெல்ல மெல்லப் பொழுதுபோக்காகப் பரவியது. இன்று உலகம் முழுக்க அதிகம் தெரிந்தது 1987இல் வந்த வார்ஹாமர் 40,000, அது கற்பனையான எதிர்கால உலகம். நான் ஆடுவது டி.பி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பழங்காலப் போர் விதிமுறை. 1990இல் வந்தது. ஒரு பக்கத்துக்கு 12 பிரிவுகள் போதும், 15 மில்லிமீட்டர் பொம்மைக்கு இரண்டடி சதுரப் பலகை போதும், ஒரு மணி நேரத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடும். மொத்தப் படையும் ஒரு டிபன் பாக்ஸில் அடங்கும். விமானத்தில் 23 கிலோ கணக்குப் பார்த்து வீட்டைப் பெயர்த்து வருகிற நமக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அந்த விதிமுறையின் படைப் பட்டியலில் தமிழர் படையும் உண்டு. ரோமர், மாசிடோனியர், பாரசீகர் வரிசையில் நம் படையும் யானையோடு நிற்கிறது. அதைப் பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டேன், சோழர் படைதான் கட்டப்போகிறேன் என்று.

டர்பனில் பெயின்ட் அடிப்பவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும், இதைப் புத்தகத்தில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். டிசம்பரிலிருந்து மார்ச் வரை இங்கே காற்றில் ஈரம் அதிகம், நம் சென்னை மாதிரியே. அந்த நாட்களில் ஸ்ப்ரே ப்ரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்தால் பொம்மை மேல் மாவு தூவினது போலச் சொரசொரப்பாகப் படியும், அதன்மேல் எந்தப் பெயின்டும் அழகாக உட்காராது. தூரிகையால் தடவும் ப்ரைமர் வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது ஜூன், ஜூலை வரை காத்திருங்கள், இங்கே குளிர்காலம்தான் வறண்ட காலம். யானைகளுக்கு அடர்சாம்பல் அடித்து, நீர்த்த கரும்பழுப்பு வாஷ் ஊற்றினால் தோல் மடிப்புகளில் எல்லாம் தானே இறங்கும், காய்ந்ததும் வெளிர்சாம்பலை உலர்ந்த தூரிகையில் தொட்டு மேடான இடங்களில் மட்டும் தேய்த்தால் யானைக்கு உயிர் வந்துவிடும். பொம்மை நிற்கும் அடித்தட்டான பேஸில் ஒட்டும் மணலைக் கடற்கரையிலிருந்தே எடுத்து வந்தேன். நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவிக் காயவைத்துத்தான் ஒட்ட வேண்டும். நகத்தளவு காகிதத்தில் புலிக்கொடி வரைந்தது மட்டும் என் மகள், அவள் கண்ணுக்குத்தான் அந்த வேலை வரும்.

சரி, அந்த வார இறுதிக்கு வருகிறேன்.

நகரத்துக்கு வெளியே ஒரு பள்ளி அரங்கத்தில் இரண்டு நாள் நிகழ்வு. வாசலில் ஆரஞ்சுச் சட்டை போட்ட கார் கார்டு, அதாவது நிறுத்திய காரைப் பார்த்துக்கொள்பவர், கைகாட்டி இடம் காண்பித்தார். (புதிதாக வருகிறவர்கள் காரில் எப்போதும் கொஞ்சம் சில்லறை ராண்ட் வைத்திருங்கள், திரும்பும்போது அவருக்குக் கொடுப்பது இங்கே வழக்கம்.) உள்ளே ஒரு பாதி முழுக்க வார்ஹாமர், இடிந்த கட்டடங்களும் இயந்திர மனிதர்களுமாகப் பெரிய பெரிய மேஜைகள், ஒரு ஆட்டத்துக்கே மூன்று மணி நேரம். மறுபாதியில் எங்கள் பழங்காலப் போர்ச் சின்ன மேஜைகள். சுவர் ஓரமாகப் பழைய பொம்மைகள் விற்கும் மேஜை ஒன்று, அங்கே காலையிலேயே போய்விட வேண்டும், பத்து மணிக்கு மேல் நல்லது எதுவும் மிஞ்சாது. பொம்மை எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருகிறது, தபால் செலவும் சுங்கவரியும் சேர்ந்து விலை ஏறிவிடுகிறது, அதனால் இங்கே ஆடுகிறவர்களில் பலருடைய படை இரண்டு மூன்று கை மாறி வந்ததுதான்.

இங்கே ஆட்ட ஒழுக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. அடுத்தவர் பொம்மையைக் கேட்காமல் தொடக்கூடாது. டைஸ் குன்றின்மேல் சாய்ந்து நின்றால் வாதம் இல்லை, மறுபடி உருட்டுவது. நகர்த்துவதற்கு முன்பே "இந்த யானை அந்தக் காட்டுக்கு வெளியேதான் நிற்கும், சரியா?" என்று எதிராளியிடம் சொல்லி ஒத்துக்கொள்வது. தொடக்கத்திலும் முடிவிலும் கை குலுக்குவது. புதியவன் என்று தெரிந்தால் எதிராளியே உன் நல்ல நகர்வைச் சுட்டிக்காட்டுவார், அது அவருக்கே பாதகமாக இருந்தாலும். புது நாட்டில் எந்த இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு, முறைகள் எல்லாம் வெளிப்படையாக இருக்கிற இடம் எவ்வளவு நிம்மதி தெரியுமா.

முதல் எதிராளி ஒரு ஜூலு இளைஞர், எஞ்சினியரிங் படிக்கிறவர். நுமிடியப் படை வைத்திருந்தார். "நான் ஆப்பிரிக்கப் படைகள்தான் ஆடுவேன், அதில் எனக்கு மாற்றமில்லை" என்றார். நுமிடியர் வட ஆப்பிரிக்கர், ரோமை எதிர்த்த கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலோடு போன குதிரைக்காரர்கள், சேணமே இல்லாமல் குதிரை ஓட்டியவர்கள். டி.பி.ஏ.யில் ஒவ்வொரு முறையும் ஒரு டைஸ் உருட்டுவோம், விழுந்த எண் எவ்வளவோ அத்தனை குழுக்களைத்தான் நகர்த்த முடியும். எனக்குச் சின்ன எண்ணாக விழுந்துகொண்டே இருந்த நேரத்தில் அவர் குதிரைகளை இரண்டு பக்கமும் சுற்றி அனுப்பி, நடுவில் ஈட்டி எறியும் காலாட்களை என் யானைக்கு நேரே விட்டார். யானை கனமான படையை மிதித்துத் தள்ளும், ஆனால் கைக்கு எட்டாமல் ஓடி ஓடி ஈட்டி எறிகிறவனிடம் அதற்குப் பதில் கிடையாது. பழைய போர்களிலும் அப்படித்தான் நடந்தது.

ஆட்டம் முடிந்ததும், அது நுமிடியர் உத்தி இல்லை, எங்கள் உத்தி என்றார் அவர். எருமையின் கொம்புகள் என்று ஜூலுக்கள் சொல்லும் அணி அது. நடுவில் மார்பு, அது எதிரியைப் பிடித்து வைக்கும். இரண்டு கொம்புகள் பக்கவாட்டில் ஓடி வளைக்கும். பின்னால் இடுப்பு, அதாவது சேமப்படை, அவர்கள் போர் நடக்கும் பக்கம் பார்க்காமல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்களாம், பார்த்தால் ஆவேசம் தாங்காமல் கட்டளைக்கு முன்பே ஓடிவிடுவார்கள் என்று. 1879 ஜனவரி 22 அன்று இசாண்ட்ல்வானாவில் சுமார் 20,000 ஜூலு வீரர்கள் அந்த அணியில் வந்துதான் துப்பாக்கியும் பீரங்கியும் வைத்திருந்த பிரிட்டிஷ் முகாமை அழித்தார்கள். அந்த இடம் நான் குடியிருக்கும் இதே குவாசூலு நடால் மாகாணத்தில்தான் இருக்கிறது. அவர் என் டேப்பையும் டைஸையும் வைத்தே மேஜையில் அதை விளக்கிக் காட்டினார், அவர் ஊர்ப் பெரியவர்கள் எப்படிச் சொல்வார்கள் என்பதையும் சேர்த்து. நான் அதுவரை இசாண்ட்ல்வானாவைப் பிரிட்டிஷ்காரர்கள் தோற்ற போர் என்றுதான் படித்திருந்தேன். ஜெயித்தவர் பக்கமிருந்து அதைக் கேட்டது அன்றுதான்.

மதியம் சாப்பாடு பன்னி சவ். ஆங்கிலத்தில் பன்னி என்றால் முயல், ஆனால் முயலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பிரெட் ரொட்டியை நாலில் ஒரு பங்காக வெட்டி, நடுவைக் குடைந்து, குழம்பை ஊற்றித் தருவார்கள். டர்பன் இந்தியர்களின் உணவு, இன்று எல்லோருடைய உணவும். பீன்ஸ் பன்னி கேட்டால் சைவம். கை கழுவிவிட்டுத்தான் மேஜைக்குத் திரும்ப வேண்டும், மசாலா ஒட்டின டைஸை யாரும் விரும்ப மாட்டார்கள்.

சாப்பிட்ட பிறகு சுற்றிப் பார்க்கப் போனபோது ஒரு மூலையில் போட்டி இல்லாத, காட்சிக்கு வைத்த மேஜை ஒன்றைப் பார்த்தேன். ஸ்பியன்கோப் மலை. 1900 ஜனவரி 23 இரவு பனிமூட்டத்தில் பிரிட்டிஷ் படை அந்த மலையில் ஏறிப் பிடித்தது, பாறையாக இருந்ததால் பதுங்குகுழியை ஆழமாகத் தோண்ட முடியவில்லை, காலையில் பனி விலகிய பிறகுதான் சுற்றியுள்ள மேடுகளிலிருந்து போயர்கள் (இங்கே குடியேறிய டச்சு வம்சத்தினர், பிரிட்டிஷாரோடு போரிட்டவர்கள்) தங்களைக் குறிபார்க்க முடியும் என்று தெரிந்தது. மேஜையில் பனிக்குப் பஞ்சு வைத்திருந்தார்கள். அதைச் செய்தவர் ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கும் ஒரு பெரியவர், தமிழ் வம்சம், நாலாம் தலைமுறை. பேச்செல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் நான் தமிழ்நாடு என்றதும் "வா தம்பி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மலை அடிவாரத்தை அவர் கைகாட்டினார். அங்கே ஸ்ட்ரெச்சர் தூக்கும் ஆட்கள் வரிசையாக நின்றார்கள், பழுப்பு முகம், காக்கி உடை, கையில் செஞ்சிலுவைப் பட்டை. நடால் இந்திய ஆம்புலன்ஸ் படை. காந்தி திரட்டியது, சுமார் 1,100 பேர், அதில் ஏறக்குறைய 300 பேர் ஒப்பந்தம் முடிந்த சுதந்திர இந்தியர்கள், மற்ற எல்லோரும் ஒப்பந்தக் கூலிகள். காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஒரு நாளில் 20, 25 மைல் நடந்தார்கள். போர் முடிந்து பதக்கம் கிடைத்தது தலைவர்களாக இருந்தவர்களுக்கு மட்டும். தோள் கொடுத்தவர்களுக்கு இல்லை. இந்த ஆட்களைப் போல ஒரு பொம்மை எந்தக் கம்பெனியிலும் தனக்குக் கிடைக்கவில்லை என்றார் அவர். வேறு வேறு பொம்மைகளின் தலையை வெட்டி ஒட்டி, பச்சை எபாக்ஸி பசையைப் பிசைந்து தலைப்பாகை சுற்றி, ஒவ்வொருவரையும் தானே செய்திருக்கிறார். 28 மில்லிமீட்டர் உயரத்தில் ஒவ்வொரு முகமும் வேறு வேறு. ஒருவன் நடுத்தர வயது, ஒருவன் மீசை முளைக்காத பையன்.

அவருடைய தாத்தாவின் அப்பா கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனில் முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. 1911 வரை வந்தவர்கள் 1,52,184 பேர். நான் பாஸ்போர்ட்டோடும் வேலை உத்தரவோடும் வந்த கடற்கரை அது. அவர் அதைச் சொன்ன விதத்தில் மனத்தாங்கல் எதுவும் இல்லை, மேஜையில் எங்கே என்ன நிற்க வேண்டும் என்கிற கவனம்தான் இருந்தது. அவர் தானே எழுதிய விதியில் இந்த ஸ்ட்ரெச்சர் ஆட்கள் யாரையும் சுட முடியாது, ஆனால் காயம்பட்ட ஒருவரை அடிவாரத்துக்குக் கொண்டுசேர்த்தால் புள்ளி உண்டு. போர் விளையாட்டில் போரை மட்டும்தான் ரசிக்கிறீர்கள் என்று என் வீட்டிலேயே கேட்டிருக்கிறார்கள். அடுத்த நாள் மனைவியையும் மகளையும் அழைத்துப்போய் இந்த மேஜைக்கு முன்னால்தான் நிறுத்தினேன். மகள் அந்த மீசை இல்லாத பையனையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், அப்புறம் அவனுக்கு என்ன பெயர் என்று பெரியவரிடம் கேட்டாள். நீயே ஒன்று வை என்றார். அவள் முத்து என்று வைத்தாள். அவர் பென்சிலை எடுத்து அந்த பேஸின் அடியில் அந்தப் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார்.

ஞாயிறு மாலை ஆட்டங்கள் முடிந்து மேஜைகளை மடிக்கும் நேரத்தில் அவர் என் சோழர் படையை எடுத்துப் பார்த்தார். யானை மேல் இருக்கிறவர் யார் என்று கேட்டார். சோழ இளவரசன் ராஜாதித்தன் என்று சொல்லி, 949இல் தக்கோலத்தில் நடந்ததைச் சொன்னேன். ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையோடு சோழர் மோதியது, கங்க மன்னன் பூதுகன் ராஜாதித்தனை யானை மேலேயே கொன்றது, அதனால்தான் கல்வெட்டுகள் அவனை யானைமேல் துஞ்சிய தேவர் என்று குறிப்பது. டி.பி.ஏ.யிலும் தளபதி விழுந்தால் ஆட்டம் பெரும்பாலும் போனதுதான், ஆகவே தக்கோலத்தை இந்த விதியில் ஆடிப் பார்க்க மிகப் பொருத்தம். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எங்கள் ஆட்கள் வந்த ஊருக்கு அது பக்கமா?" என்றார். அவர் குடும்பம் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்ததாகப் பாட்டி சொன்னதாம். பக்கம்தான், தக்கோலம் இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது என்று போனில் வரைபடத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

ராஷ்டிரகூடப் படையை அவர் கட்டுகிறார். கருடக் கொடி என் மகளின் பொறுப்பு. தக்கோலத்தில் தரை எப்படி, ஆறு எந்தப் பக்கம், எங்கே வயல் என்பதை நான் எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்காக அரக்கோணத்தில் இருக்கும் சித்தப்பாவிடம் பைக்கில் ஒரு நடை போய்ப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வாட்ஸப்பில் முதல் படம் வந்துவிட்டது.