படப் போட்டியைக் கைமாற்றிவிடும்போது

முகநூல் குழுவின் மாதாந்திரப் புகைப்படப் போட்டியை இன்னொருவரிடம் ஒப்படைப்பவர்கள் பெரும்பாலும் அட்மின் பதவியைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சிக்கல் முளைப்பது, போட்டிப் படங்களை வாங்கும் கூகுள் ஃபார்மில்.

ஃபார்மில் ஏற்றும் படங்கள், அந்த ஃபார்மை உருவாக்கியவரின் கூகுள் டிரைவில்தான் போய் விழும். இலவசக் கணக்குக்கு 15 ஜிபி, அதிலும் ஜிமெயிலுக்குப் பங்கு உண்டு. 8 எம்பி வீதம் மாதம் 150 படம் என்றால் 1.2 ஜிபி. ஒரு வருடத்தில் ரொம்பிவிடும். ரொம்பினால் ஃபார்ம் எதையும் வாங்காது. இது தெரியவருவது எப்போதும் கடைசி நாள் ராத்திரிதான்! அதனால் புதியவர் தன் கணக்கிலேயே புது ஃபார்ம் போடட்டும். பழைய ஃபார்மில் வந்த பதிவுகள் சேரும் ஷீட்டின் நகல் மட்டும் கையில் இருந்தால் போதும். எந்தத் தலைப்பு எப்போது வந்தது என்று பார்க்க அது வேண்டும்.

கெடுவை "30ஆம் தேதி நள்ளிரவு" என்று எழுதாதீர்கள். அது எந்த நள்ளிரவு என்று பஞ்சாயத்து வரும். "30ஆம் தேதி இரவு 11:59, இந்திய நேரம்" என்றே போடுங்கள். டொரண்டோக்காரருக்குக் கோடையில் அது பிற்பகல் 2:29.

இறுதிச் சுற்றுக்கு வந்த 10 பேரிடம் மட்டும் ஒரிஜினல் கேட்டால் போதும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் எடுத்த தேதி, கேமரா விவரம் எல்லாம் உதிர்ந்துவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

நடுவர்களுக்குப் பெயரை எடுத்துவிட்டு எண் மட்டும். மூலையில் எடுத்தவர் பெயரைக் காட்டும் வாட்டர்மார்க் இருக்கிறதா என்று ஒவ்வொரு படமாகப் பாருங்கள்.

லைக்கை எண்ணிப் பரிசு தருவது மட்டும் வேண்டவே வேண்டாம். சொந்தபந்தம் அதிகம் உள்ளவர் ஜெயிப்பார், அவ்வளவுதான்.

அனுப்பாமல் பாக்கி நிற்கும் பரிசுகளையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.