பெருசானப்புறம் என்ன ஆனான்?

அந்தப் பெண்ணிடம் நான் பொய் சொல்லவில்லை. எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்ட வாக்கியம் இது. எழுத்தில் எப்படி நிற்கிறது என்று பார்க்கத்தான் முதலிலேயே எழுதுகிறேன்.

"அந்தப் பையன் பெருசானப்புறம் என்ன ஆனான் அங்கிள்?" என்று கேட்டாள்.

"புத்தகக் கடை வெச்சார்மா."

"அப்போ அவருக்குப் பிடிச்சுதான் இருந்திருக்கு."

நான் புரூஃபைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை.

பையன் என்று அவள் சொன்னது கிறிஸ்டோபர் ராபின் மில்னை. எங்கள் சிறுவர் இதழில் அவரைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தேன். 1921-ல் முதல் பிறந்தநாளுக்கு லண்டன் ஹாரட்ஸ் கடையில் வாங்கிய கரடி பொம்மை. விலங்குக் காட்சிசாலையில் இருந்த வின்னி என்ற கனடாக் கரடியிடமிருந்து அதற்கு வந்த பெயர். அந்தக் கரடியையும் மகனையும் அதே பெயர்களில் பாத்திரங்களாக்கி அப்பா ஏ. ஏ. மில்ன் 1926-ல் எழுதிய வின்னி-த-பூ கதைப் புத்தகம். கதையில் வரும் காட்டுக்கு மூலமாக இருந்த சசெக்ஸின் ஆஷ்டவுன் காடு இன்றும் இருப்பது. பொம்மைகள் 1987 முதல் நியூயார்க் பொது நூலகத்தில் இருப்பது. குட்டிக் கங்காரு மட்டும் ஆப்பிள் தோட்டத்தில் தொலைந்துபோனது. இவ்வளவுதான், ஒரு பெட்டிச் செய்தி. குழந்தைகளுக்கு இது போதும் என்று நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் கேட்டவள் எல்லாக் குழந்தைகளையும் போல ஒரு குழந்தை இல்லை. எங்களிடம் அதிகம் விற்கும் கதை வரிசையின் நாயகியே அவள்தான். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவள் அப்பா அதை எல்லா அட்டைகளிலும் எழுதிவிட்டார், நானும் எழுத வேண்டாம். தவளையை டிபன் பாக்ஸில் போட்டுப் பள்ளிக்கு எடுத்துப்போனவள், விழுந்த பல்லைத் தொட்டியில் நட்டுத் தண்ணீர் ஊற்றியவள், படுக்கையை நனைத்துவிட்டுப் பழியைப் பூனை மேல் போட்டவள். எல்லாம் வீட்டில் நடந்தவை. பூனைக் கதைதான் ரொம்பப் பிரபலம். பள்ளி விழாக்களில் நாடகமாகவே போடுகிறார்கள்.

இப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு.

எல்லாக் கதைகளையும் ஒரே தொகுப்பாகக் கொண்டுவரும் வேலை. டிசம்பர் மாதம் வேறு, புத்தகக் காட்சிக்குள் வந்தாக வேண்டும். பதிப்பகத்தில் இருப்பவர்களுக்கு அந்த மாதத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கையெழுத்துப் போட வந்த அப்பாவோடு அவளும் வந்திருந்தாள். அவர் ஓவியரைக் கூட்டிக்கொண்டு டீக்குக் கீழே இறங்கியதும் என் மேஜையருகே வந்து நின்றாள். அட்டையின் பிரின்ட் அவுட் மேஜையில் கிடந்தது. இரட்டைப் பின்னல், முன்பல் இல்லாத சிரிப்பு, இடுப்பில் பூனை. அந்த முகத்தை ஒரு விரலால் மறைத்தாள், எடுத்தாள், மறுபடி மறைத்தாள். அப்போதுதான் அந்தப் பையனைப் பற்றிக் கேட்டாள்.

அடுத்து கேட்டதுதான் என்னை இன்னும் விடாமல் இருக்கிறது.

"இதுல பேரை மட்டும் மாத்தினா கதை கெட்டுடுமா அங்கிள்?"

அவள் அழவில்லை, கெஞ்சவில்லை, வகுப்பில் யார் என்ன சொன்னார்கள் என்று புகாரும் சொல்லவில்லை. ஒரு எடிட்டரிடம் கேட்க வேண்டிய கேள்வியை எடிட்டரிடம் கேட்டாள்.

"கெடாதும்மா. ஆனா எல்லாருக்கும் இந்தப் பேர்தானே தெரியும்?"

"அதான்" என்றாள்.

"அப்பாகிட்ட கேட்டியா?"

"கேட்டா மாத்திடுவார். அப்புறம் எழுதவே மாட்டார்."

"சரி, பார்க்கலாம்மா" என்றேன். அப்பா பிளாஸ்கோடு மேலே வந்தார். எல்லோரும் டீ குடித்தோம். அவர் கையெழுத்துப் போட்டார். ஃபைல் அன்று இரவே அச்சகத்துக்குப் போனது.

என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தம் அப்பாவுடன். கதை அவருடையது, பாத்திரமும் அவருடையது. பதினான்கு வயதுப் பெண் கேட்டாள் என்று எழுத்தாளருக்குத் தெரியாமல் நாயகியின் பெயரை மாற்றும் எடிட்டரை எந்தப் பதிப்பகமும் வைத்துக்கொள்ளாது, வைத்துக்கொள்ளவும் கூடாது. சரி, அவரிடமே சொல்லியிருக்கலாம். ஆனால் அவரிடம் கேட்க முடியாமல்தானே அவள் என்னிடம் வந்தாள்? சொல்லியிருந்தால் அவளைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும். சொல்லாவிட்டால் எதுவும் மாறாது. எப்படிப் பார்த்தாலும் நான் செய்ததைத் தவிர வேறு வழியில்லை என்றே வருகிறது. இப்படிப் பிசிறில்லாமல் முடிகிற நியாயங்களைப் பிறர் கட்டுரையில் பார்த்தால் பென்சிலால் சுழித்துவிடுவேன்.

ஏனென்றால், அந்தப் பையன் பெரியவனான பிறகு என்ன ஆனான் என்பது அவள் கேட்டபோதே எனக்குத் தெரியும்.

பையன் மண்டியிட்டு இரவு ஜெபம் செய்வதைப் பற்றி அப்பா எழுதிய கவிதை 1923-ல் பத்திரிகையில் வந்தது. அப்போது அவனுக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. பிற்பாடு விடுதிப் பள்ளியில், ஸ்டோவில், பக்கத்து அறைப் பையன்கள் அதன் கிராமபோன் இசைத்தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு அவனைக் கேலி செய்தார்கள். அவர்களுக்கே அலுத்துப்போய்த் தட்டை அவனிடம் கொடுத்தபோது, அதைச் சுக்குநூறாக உடைத்துத் தூரத்து வயலில் கொண்டுபோய் இறைத்தான். போருக்குப் போய், இத்தாலியில் காயம்பட்டு, திரும்பிவந்து லண்டனில் வேலை தேடி அலைந்த நாட்களில் அவருக்கு ஒரு எண்ணம் வந்ததாம்: அப்பா தன் பிஞ்சுத் தோள் மேல் ஏறித்தான் அந்த உயரத்துக்குப் போனார், தன் நல்ல பெயரைத் திருடிக்கொண்டு, இன்னாருடைய மகன் என்ற வெற்றுப் புகழை மட்டும் தனக்கு விட்டுவைத்தார் என்று. 1974-ல் வந்த நினைவுநூலில் அவரே எழுதியிருக்கிறார். அதை நான் படித்திருந்தேன். படித்துவிட்டுத்தான் ஆப்பிள் தோட்டத்தைப் பற்றி எழுதினேன்.

புத்தகக் கடை வைத்ததும் உண்மைதான். 1951-ல், டெவன் கடற்கரையோரம் டார்ட்மத் ஊரில், மனைவியோடு சேர்ந்து. ஆனால் பிடித்துப்போய்க் கரடிக்கு அருகில் இருக்க வைத்த கடை இல்லை அது. லண்டனை விட்டு, தன் காலில் நிற்க வைத்த கடை. அங்கேயும் கரடியின் ரசிகர்கள் தேடி வந்தார்கள், கைகுலுக்க வேண்டும் என்றார்கள். அம்மா முன்கூட்டியே எச்சரித்திருந்தார், புத்தக வியாபாரம் என்றால் இவர்களைச் சந்திக்காமல் முடியாதே என்று. கிட்டத்தட்ட நாற்பத்தைந்து வருடம் கழித்து, 1996-ல் இறக்கும்போதும் அவர் உலகத்துக்கு அந்தப் பையன்தான்.

இதையெல்லாம் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம், அவள் அப்பா டீ குடித்து முடிப்பதற்குள், எப்படிச் சொல்வது? "புத்தகக் கடை வெச்சார்" என்பது அந்த நேரத்தில் சொல்லக்கூடிய உண்மை. அதைக் கேட்டு அவள் தப்பாகப் புரிந்துகொண்டதையும் என் கணக்கில் எழுத வேண்டுமா?

எழுதத்தான் வேண்டும் என்று சில நாள் தோன்றுகிறது. அவள் அந்தப் பதிலை வைத்து ஒரு முடிவுக்கு வந்தாள், அதை என் கண் முன்னாலேயே வந்தாள். பெயரைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. அவருக்குப் பிடித்திருந்தது என்றால், பிடிக்காதது தன்னிடமுள்ள கோளாறு என்று அவள் நினைத்திருக்கலாம். நினைக்காமலும் இருந்திருக்கலாம். ஒரு பிள்ளையின் மனசுக்குள் புகுந்து இவ்வளவு விவரமாகக் கதை கட்டுகிறேன். இதைத்தானே அவள் அப்பாவும் செய்கிறார்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதே நினைவுநூலை எழுதி முடித்ததும், அப்பாவின் நிழலிலிருந்தும் கதையில் வரும் கிறிஸ்டோபர் ராபினின் நிழலிலிருந்தும் தான் வெளியே வந்துவிட்டதாக அவர் சொன்னார். ஒன்பது, பத்து வயதிலிருந்து கல்லூரிக்குப் போகும்வரை அவரும் அப்பாவும் அவ்வளவு நெருக்கம், கிரிக்கெட், கணக்கு, குறுக்கெழுத்து என்று. சின்ன வயதில்தான் நெருக்கம் குறைவு. சிறு பிள்ளைகளோடு பழகும் வரம் அப்பாவுக்கு வாய்க்கவில்லை என்று சாதாரணமாக எழுதுகிறார். அப்போது அவரை வளர்த்ததெல்லாம் ஆயாதான். அதாவது, கூட உட்கார்ந்து விளையாடத் தெரியாத அப்பா எழுதி விளையாடியிருக்கிறார். எங்கள் எழுத்தாளர் அப்படியில்லை. தவளையைப் பிடித்துக் கொடுத்தவரே அவர்தான். இதனால் அவர் செய்தது கூடுதல் சரியா, கூடுதல் தப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை.

மில்னே இதைக் கவனிக்காமல் இல்லை. 1928-ல் நான்காவது புத்தகத்தோடு நிறுத்திக்கொண்டார். மறுவருடம் வந்த ஒரு கட்டுரையில், மகனுக்கு வேண்டிய அளவுக்கு மேல் விளம்பரம் கிடைத்துவிட்டது, தன் பெயர் சார்லஸ் ராபர்ட் என்று இருந்திருக்கக் கூடாதா என்று அவன் ஏங்கும் நிலை வரக்கூடாது என்றார். எட்டு வயதுப் பையனின் அப்பாவுக்கு இது உறைத்திருக்கிறது. எழுதுவதை நிறுத்தினார். ஆனால் எழுத்தாளர் நிறுத்தினால் புதுப் புத்தகம்தான் நிற்கும். மறுபதிப்பு நிற்காது. அது எங்கள் இலாகா.

பணத்தைப் பற்றி யோசித்தால் இன்னும் குழம்புகிறது. கிறிஸ்டோபரின் மகள், உடலசைவைப் பாதிக்கும் செரிபிரல் பால்சி என்ற மூளைக் குறைபாட்டோடு பிறந்தவர். டெவனில் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் ஓர் அறக்கட்டளை அந்த மகளின் பெயரில் இன்றும் நடக்கிறது. அதில் உள்ள பணம் கரடி சம்பாதித்தது. அவள் கேட்ட மாதிரி அன்றே யாராவது பெயரை மாற்றி, கதை ஓடாமல் போயிருந்தால்? இப்படி யோசிப்பது அல்பத்தனம் என்று எனக்கே தெரிகிறது. எங்கள் தொகுப்பின் ராயல்டியும் அவள் படிப்புக்குத்தான் போகிறது என்று கணக்குப் பிரிவில் பேச்சு வந்தபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

தொகுப்பு நன்றாக ஓடியது. அட்டையில் அதே பெயர், அதே பல்.

அவள் பதினொன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளி மாறியதாக அப்பா போனில் சொன்னார். "அங்க எல்லாரையும் வேற ஏதோ பேர்ல கூப்பிடச் சொல்லியிருக்கா சார். வீட்டுக்கு ஃப்ரெண்ட்ஸ் வந்தாங்க, யாரைக் கேக்கறாங்கன்னே எனக்குப் புரியல" என்று சிரித்தார். முழுச் சிரிப்பாக இல்லை. என்னிடமிருந்து ஏதாவது எதிர்பார்த்தாரோ என்னவோ. "வயசு சார்" என்றேன். அன்று சொல்லியிருக்கலாம். அவளே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்ட பிறகு நான் புகுந்து என்ன ஆகப்போகிறது என்று சமாதானம் செய்துகொண்டேன். சமாதானம் என்றாலும், இது கொஞ்சம் நியாயமான சமாதானம்.

அதே போனில் அடுத்த புத்தகம் எழுதலாமா என்று கேட்டார். நான் தயாராகவே வைத்திருந்ததுபோல, "புதுசா ஒரு கேரக்டர் பண்ணலாம் சார், வாசகர்களுக்கும் மாற்றமா இருக்கும்" என்றேன். விற்பனையில் தொய்வு எதுவும் இல்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை. பூனைப் பெண் அத்தோடு நின்றாள். அவள் எதற்குப் பயந்தாளோ, அப்பா எழுதாமல் போய்விடுவார் என்று, அதுவும் நடக்கவில்லை. இதை நான் செய்த நல்ல காரியம் என்று எடுத்துக்கொள்ள ஆசையாக இருந்தது.

போன மாதம் புதுக் கையெழுத்துப் பிரதி வந்தது. நாயகன் ஒரு பையன். சாப்பாட்டுத் தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழை பெய்கிறது என்கிறான், பாட்டியின் பல்செட்டை மீன்தொட்டியில் போடுகிறான். அருமையாக வந்திருக்கிறது, பூனைக் கதையைவிட நன்றாகவே. பையனின் பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. யோசித்ததில், அவருடைய தங்கை மகனின் பிறந்தநாள் படம் வாட்ஸ்அப்பில் வந்தது நினைவுக்கு வந்தது.

திருத்தங்களோடு திருப்பி அனுப்பும்போது முதல் பக்க ஓரத்தில் எழுதினேன்: "பெயர் - பையனிடம் கேட்டுவிட்டீர்களா?"

உடனே போன் வந்தது. "என்ன சார் இது, அவனுக்கு மூணு வயசு!"