திண்ணையில் இரண்டு பிள்ளைகள்

ஜூன் 4
ராத்திரி சாப்பிட உட்கார்ந்ததும் அப்பா, "அந்தப் பிள்ளைங்களுக்கும் ரெண்டு இட்லி வையேம்மா" என்றார். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். எந்தப் பிள்ளைகள் என்று கேட்டேன். திண்ணைப் பக்கம் கை காட்டினார். ஒரு பெண் குழந்தை, அதைவிடச் சின்னதாக ஒரு பையன். பேசுவதில்லையாம், பார்த்துக்கொண்டே நிற்குமாம். அம்மா திருநீறு எடுக்க எழுந்து போனாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 5
காலையில் நிதானமாகக் கேட்டேன். பொங்கலிலிருந்தே இருக்கிறதாம். முதலில் ஓரக்கண்ணில் பூனை ஓடுகிற மாதிரி. அப்புறம் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிற உணர்வு. கொடியில் கிடக்கும் சட்டை சில சமயம் ஆளாகத் தெரியுமாம். "சொன்னா பைத்தியம்னு நினைப்பீங்க."

ஐந்து மாதம் தனியாகவே வைத்திருந்திருக்கிறார். நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன் நோய், வந்து ஒன்பது வருஷம். கை நடுக்கம், நடை, மலச்சிக்கல் எல்லாம் கேட்டிருக்கிறோம். இதை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

ஜூன் 9
நரம்பியல் டாக்டர் ஆச்சரியப்படவே இல்லை. பூனை, பின்னால் ஆள், அப்புறம் குழந்தைகள்: பல பேருக்கு இந்த வரிசையில்தான் வருமாம். சட்டை ஆளாகத் தெரிவது திரிபுக்காட்சி. ஒன்றுமே இல்லாத இடத்தில் தெரிவது மாயக்காட்சி. கண் அனுப்பும் செய்தி மங்கலாக இருந்தால் மிச்சத்தை மூளை தானே வரைந்துகொள்கிறது. அதனால்தான் வெளிச்சம் குறையும் சாயங்காலத்தில் அதிகம். ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இந்த நோயைப் பற்றி எழுதியபோது, புலன்களும் அறிவும் பாதிக்கப்படுவதில்லை என்றுதான் எழுதினாராம். நானும் இது கை கால் நோய் என்றே இருந்தேன்.

மாத்திரைச் சீட்டில் ட்ரைஹெக்சிபெனிடில் இருந்தது. நடுக்கத்துக்காக என்றோ, வேறு இடத்தில் எழுதிக் கொடுத்தது. வயதானவர்களுக்கு அது புத்தியைக் குழப்பக்கூடும். படிப்படியாகக் குறைக்கச் சொன்னார். நடுக்குவாதத்துக்கான முக்கிய மாத்திரையான லெவோடோபாவை நாமாக நிறுத்தவே கூடாது. சிறுநீரில் கிருமி இருந்தாலும் இப்படி வரும் என்று பரிசோதனை எழுதினார். கண்புரையும் பார்க்க வேண்டும். இப்படிக் காட்சி தெரிகிறவர்களை அடக்கப் போடும் ஹாலோபெரிடால் ஊசி மட்டும் எங்கேயும் போட விடாதீர்கள், உடம்பை அசைக்க மூளைக்கு வேண்டிய டோபமைன் என்ற பொருளை அது தடுத்து உடம்பை மரக்கட்டையாக்கிவிடும் என்றார். சீட்டின் மேலேயே சிவப்பில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 11
சிறுநீரில் ஒன்றுமில்லை. கூடத்து ஜீரோ வாட் பல்பை மாற்றி டியூப்லைட் போட்டாயிற்று. கொடியைக் கொல்லைக்கு மாற்றினேன்.

ஜூன் 16
இன்று தப்புச் செய்துவிட்டேன். "யாருமே இல்லப்பா, எத்தனை தடவை சொல்றது" என்று குரலை உயர்த்திவிட்டேன். அவர் சுருங்கிப்போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுதுன்னு நம்பறேன். பயமா இருக்கா?" என்றேன். பயமில்லையாம். பிள்ளைகள் பனியில் நிற்கிறதே என்ற கவலைதானாம்.

ஜூன் 28
ட்ரைஹெக்சிபெனிடில் அளவு பாதியாகிவிட்டது. நான்கு நாளாகத் திண்ணை காலி. பூனை மட்டும் எப்போதாவது ஓடுகிறது. அது நிஜமில்லை என்று அவரே சொல்கிறார்.

நடுக்கம் கூடியிருக்கிறது. காபி வேட்டியில் சிந்தியது. பழைய அளவையே கேட்கலாமா என்றேன். "கை ஆடினா ஆடட்டும்மா. எதிர்ல நிக்கிறது நீதான்னு நிச்சயமாத் தெரியுதே."

இப்போது டம்ளரில் பாதிதான் ஊற்றிக் கொடுக்கிறேன்.