குண்டு எழுத்து, கோபம் இல்லை

நேற்று ராத்திரி கூப்பர் பிளாக் எழுத்துருவைத் திரை முழுக்கப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்து, 1922இல் சிகாகோவில் வெளிவந்தது.

இவ்வளவு தடிமனான எழுத்து மிரட்டத்தானே வேண்டும்? மிரட்டாது. கூர்மையான முனையே கிடையாது. அடிப்பாகம்கூட உருண்டைதான், மாவு உப்பி வந்த மாதிரி. அதனால் வரிசை ஒரு நூல் ஏறி இறங்கினாலும் சட்டென்று கண்ணில் படாது. ஆங்கில 'O' எழுத்தின் நடுத்துளை லேசாகப் பின்னால் சாய்ந்திருக்கும். எனக்கு அந்தச் சாய்வில்தான் பாதி மயக்கம்!

ஈசிஜெட் விமானங்களில் பெயர் எழுதியிருப்பதும் இதில்தான். தலைப்பு, கடைப் பலகை, சுவரொட்டி என்றால் சரி. பொடி அளவில் போட்டால் துளைகள் அடைத்துக்கொள்ளும். ஒருமுறை கல்யாணப் பத்திரிகையில் முகவரிக்கு இதைப் போட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.