ஏழு சங்கம், ஒரு வரத்துக்கால்

மூன்று வருடம் முன்பு எங்கள் ஊருணியைத் தூர்வாரினோம். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கி, படித்துறைக்குப் பூச்சு வேலையும் முடித்தோம். மழையும் பெய்தது. தண்ணீர்தான் வரவில்லை. ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலோடு நடந்து போய்ப் பார்த்தால், அடுத்த ஊர் எல்லையில் மண் மேடிட்டுக் கிடக்கிறது. அதற்கும் மேலே இன்னொரு ஊரில் ஓர் இளைஞர் மன்றம், எங்களைப் போலவே தங்கள் ஊருணியை மட்டும் வெட்டிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கூட்டமைப்புப் பேச்சு அங்கேதான் ஆரம்பித்தது. மகளிர் குழுக்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், காரைக்குடியில் அலுவலகம் உள்ள ஒரு பெரிய தொண்டு நிறுவனம் என்று ஏழு அமைப்புகள். முதல் கூட்டம் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் பட்டாலையில், அதாவது முன்கூடத்தில். வரத்துக்காலைப் பற்றிப் பத்து நிமிடம் பேசியிருப்போம். பலகையில் யார் பெயர் முதலில் என்பதற்கு இரண்டு மணி நேரம்! பாதிச் செலவு நாங்கள் செய்வதால் ஓட்டும் எங்களுக்குக் கூடுதல் வேண்டும் என்றது பெரிய நிறுவனம்.

வீட்டுக்கார ஆச்சிதான் முடிச்சை அவிழ்த்தார். "கோயில் கணக்குல கோடீஸ்வரனும் ஒரு புள்ளி, கடன்காரனும் ஒரு புள்ளி. இதுக்கு மட்டும் என்னப்பா தனிக்கணக்கு?" கல்யாணமான தம்பதிக்கு ஒரு புள்ளி என்பது நகரத்தார் வழக்கம். அமைப்புக்கு ஒரு புள்ளி, ஒரே ஓட்டு என்று அன்றே முடிவானது.

பிறகுதான் தெரிந்தது, அந்த நிறுவனத்தின் பணம் வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அதை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. எனவே வரத்துக்காலின் மேடு பள்ளத்தை அளந்து மட்டம் பார்க்கும் வேலையைத் தாங்களே செய்து தருவதாக ஒப்புக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டின் 1975 சங்கப் பதிவுச் சட்டப்படி கூட்டமைப்பின் பதிவுக்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். அமைப்புக்கு ஒருவராகக் கணக்குச் சரியாக இருந்தது. நிர்வாகிகள் பதவிக்காலம் ஐந்து வருடம் என்று எழுதி மனுவைத் திருப்பி வாங்கிக்கொண்டோம். சட்டத்தில் மூன்றுதான். படித்துப் பார்க்காதது எங்கள் தப்பு.

உண்மையான அலைச்சல் அனுமதிக்குத்தான். ஊருணி ஊராட்சிக்குச் சொந்தம். கண்மாய் என்றால் ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், நூறு ஏக்கருக்கு மேல் நீர்வளத் துறை, அதற்குக் கீழ் ஊராட்சி ஒன்றியம். எங்கள் வரத்துக்கால் இரண்டு வகைக் கண்மாயையும் தொட்டுக்கொண்டு வருகிறது. தனித்தனியாகப் போனபோது ஆளுக்கு ஆள் கைகாட்டினார்கள். ஏழு முத்திரையோடு ஒரே மனு போனதும், இரு தரப்பும் ஒரே நாளில் அதே மேட்டில் வந்து நின்றார்கள்.

இந்தக் கார்த்திகையில் தண்ணீர் மூன்றாவது ஊர் வரை வந்தது. அங்கே ஒரு குழாய்ப்பாலம் அடைத்துக் கிடக்கிறது. அடுத்த கூட்டம் அங்கேதான்; வரும்போது மண்வெட்டி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.