நரகத்துக் கான்

கல்லூரி மலர்க் குழுவில் இருக்கும் தம்பி மூன்று தடவை போன் எடுத்துவிட்டார். "அண்ணை, உங்கட வகுப்பிலயிருந்து இன்னும் ஒரு கட்டுரையும் வரேல்லை" என்றார். கிரிக்கெட் பற்றி எழுத ஆள் இருக்கிறது. விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் வருடாவருடம் யாரோ ஒருவர் எழுதிவிடுகிறார். எனக்கு மிஞ்சியது ஒரு விவாதம்தான். கல்லூரி மண்டபத்தில் தொடங்கிய எங்கள் வாய்ச் சண்டை லண்டனுக்கு வந்து, ஓர் ஐரிஷ் பாட்டுக் கோஷ்டியின் அல்பத்தில் சிக்கி, முப்பது வருடத்துக்கு மேலாக முடியாமல் கிடக்கிறது.

சண்டைக்காரர் மூன்று பேர். பெயர் போட்டால் மற்ற இருவரும் என்னோடு கதைக்க மாட்டார்கள், அதனால் ஊரைச் சொல்லியே எழுதுகிறேன். ஒருவன் நீர்வேலி, மற்றவன் கோண்டாவில், இரண்டும் யாழ்ப்பாணத்து ஊர்கள். உயர்தர வகுப்பில் மூவரும் விவாத அணியில் இருந்தோம். எங்களைப் பழக்கிய தமிழ் ஆசிரியருக்கு ஒரே ஒரு விதிதான். எதிரணியின் வாதத்தை முதலில் அவர்களை விட நன்றாகச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் உடைக்கலாம். சொல்லத் தெரியாதவனை மேடையிலேயே இருத்திவிடுவார். கோண்டாவில்காரன் இரண்டு தடவை அப்படி இருந்திருக்கிறான். அவனுக்கு உடைப்பதில்தான் ருசி, எடுத்துச் சொல்ல அவனுக்குப் பொறுமை கிடையாது.

1989 இல் மூவரும் கில்பர்ன் பக்கம் ஓர் அறையில் இருந்தோம். கில்பர்ன் அப்போது அசல் ஐரிஷ் ஊர். நான் பெற்றோல் ஸ்டேசனில் இரவு வேலை. என்னோடு நின்ற கிழவர் அயர்லாந்தின் மேயோ பக்கத்தவர், கட்டட வேலை செய்து முதுகு போனபின் கல்லாவுக்கு வந்தவர். அவர்தான் ஒரு நாள் கசெற் ஒன்றைப் போட்டு, "இதைக் கேள், இவங்களும் உங்களைப்போல வந்து சேர்ந்த ஆக்களின்ர பிள்ளையள்தான்" என்ற மாதிரி ஏதோ சொன்னார். அவருடைய ஆங்கிலம் எனக்குப் பாதிதான் விளங்கும்.

கோஷ்டியின் பெயர் த போக்ஸ். 1982 இல் கிங்ஸ் குறொஸ் பக்கத்தில் தொடங்கியவர்கள். முதலில் வைத்த பெயர் போக் மஹோன். ஐரிஷ் மொழியில் அதன் அர்த்தத்தைக் கல்லூரி மலரில் எழுத முடியாது, பின்புறத்தை முத்தமிடச் சொல்வது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மொழி தெரிந்தவர்கள் முறைப்பாடு செய்ய, பாதிப் பெயர் போய் மீதி நின்றது. அயர்லாந்து நாட்டார் பாட்டை எடுத்து, அக்கோர்டியன், பான்ஜோ, தகரக் குழல் எல்லாவற்றையும் பங்க் என்ற முரட்டு ரொக் இசையின் வேகத்தில் விரட்டுவார்கள். முன்னால் நின்று பாடியவர் ஷேன் மக்கோவன். ஐரிஷ் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்தவர். பல் அனேகமாக இல்லை, சொற்களும் பாதி காற்றோடு போய்விடும். ஆனால் பாட்டு எழுதினால் அந்த ஆளுக்கு நிகர் அந்த ஆள்தான்.

கிழவர் போட்டது 1988 இல் வந்த மூன்றாவது அல்பம், 'இஃப் ஐ ஷுட் ஃபோல் ஃப்ரம் கிரேஸ் வித் கோட்'. அதில் கப்பலேறிப் போன ஐரிஷ் சனத்தைப் பற்றி கிற்றார்காரர் பிலிப் ஷெவ்ரன் எழுதிய பாட்டொன்று இருக்கிறது. அதைக் கேட்ட அன்று கோண்டாவில்காரன் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. அதே அல்பத்தில் பர்மிங்ஹாம் அறுவர் பற்றிய பாட்டும் உண்டு. செய்யாத குண்டுவெடிப்புக்காகச் சிறையில் கிடந்த ஆறு பேரைப் பற்றியது. அந்தப் பாட்டை வானொலி, தொலைக்காட்சியில் போடக்கூடாது என்று இங்கே தடை செய்தார்கள். இந்த நாட்டிலும் பாட்டுக்குத் தடை உண்டா என்று நாங்கள் வாய் பிளந்தோம். 1991 மார்ச்சில் ஆறு பேரும் வெளியே வந்தபோது எங்கள் சொந்தக்காரர் விடுதலையானது போல கிழவர் கடையில் நின்ற எல்லோருக்கும் தேநீர் வாங்கித் தந்தார்.

இனித்தான் விசயத்துக்கு வருகிறேன். 1990 ஒக்டோபரில் ஐந்தாவது அல்பம் வந்தது. பெயர் 'ஹெல்ஸ் டிச்'. தயாரித்தது ஜோ ஸ்ட்ரமர், த க்ளாஷ் என்ற பங்க் கோஷ்டியின் ஆள். வேல்ஸில் ரொக்ஃபீல்ட் என்ற பண்ணை ஸ்ரூடியோவில் ஒலிப்பதிவு. நீர்வேலிக்காரன் நூலகத்தில் இசைத்தட்டை இரவல் எடுத்து, தொண்ணூறு நிமிட ரேப்பின் ஒரு பக்கத்தில் பதிந்துகொண்டு வந்தான். மற்றப் பக்கத்தில் ஊர்க் கோயில் திருவிழாவில் பதிந்த நாதஸ்வரக் கச்சேரி இருந்தது. அல்பம் நாற்பது நிமிடத்துக்குச் சற்றுக் கூட. அது முடிந்து கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் வரும், பிறகு பிளேயர் தானாகவே மறுபக்கம் திரும்ப, தவிலோடு மல்லாரி எழும்பும். பெற்றோல் அடிக்க வந்த வெள்ளைக்காரர் சிலர் அதையும் போக்ஸ் என்றே நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கசெற் அட்டையில் என்ன எழுதுவது என்பதிலேயே முதல் சண்டை. தமிழில்தான் எழுத வேண்டும் என்று நீர்வேலி பிடிவாதம். 'நரக வாய்க்கால்' என்றேன் நான். "வாய்க்கால் வெங்காயத்துக்குத் தண்ணி போறது, அதில நரகம் எங்கயிருந்து வந்தது?" என்றான் தோட்டக்காரன் மகனான நீர்வேலி. 'நரகக் குழி' என்றான் கோண்டாவில். அப்படியென்றால் பங்கர் என்றுதான் நினைப்பார்கள், அந்த வருடம் ஊரில் எல்லா வளவிலும் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நீர்வேலியே முடிவு கட்டினான். றோட்டோரத்தில் ஊத்தைத் தண்ணீர் ஓடுவது கான். நீல மையால் 'நரகத்துக் கான்' என்று எழுதினான். னகரத்தின் சுழி அட்டையின் ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டது.

ஆசிரியரின் விதிப்படி முதலில் கோண்டாவில்காரனின் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். 1985 இல் வந்த 'ரம், சொடமி அண்ட் த லாஷ்', பிறகு மேலே சொன்ன 88 ஆம் ஆண்டு அல்பம், இந்த இரண்டோடும் போக்ஸின் நல்ல காலம் முடிந்தது. 89 இல் வந்த 'பீஸ் அண்ட் லவ்'வில் உள்ள பதினான்கு பாட்டில் ஷேன் எழுதியவை ஆறுதான். 90 இல் எழுதினார் சரி, ஆனால் பாடுகிற குரல் போய்விட்டது. "ஒரு சொல்லும் விளங்கேல்லை மச்சான், நித்திரையில புலம்புற மாதிரிக் கிடக்கு" என்பான். வேகமும் இறங்கிவிட்டது. கடைசிப் பக்கத்தில் மற்றவர்கள் எழுதிய பாட்டுகளைச் செருகி இடம் நிரப்பியிருக்கிறார்கள். அதற்குமேல், அவனுக்குச் சுட்டது தாய்லாந்து.

ஷேனுக்கு அந்தக் காலத்தில் தாய்லாந்தில் ஒரு மோகம். அல்பத்தில் மூன்று பாட்டாவது அந்தக் கடற்கரைப் பக்கம்தான் சுற்றுகிறது. கோண்டாவில்காரன் கொதித்தான். "எங்கட பக்கத்து நாடுகள் உவங்களுக்குக் குடிக்கவும் படுக்கவும் மட்டும்தானோ? கப்பலேறினவன்ர கண்ணீரைப் பாடினவன் இப்ப சுற்றுலாப் பயணி ஆகிட்டான்." இதற்கு எனக்கு அப்போது பதில் இருக்கவில்லை. இப்போதும் முழுப் பதில் இல்லை. 'ஹவுஸ் ஒஃப் த கோட்ஸ்' வரும்போது நானும் கொஞ்சம் நெளிவது உண்மை.

நீர்வேலிக்காரன் ஆத்திரப்பட மாட்டான், அவன் பலம் அது. கசெற்றை 'சம்மர் இன் சயாம்' இருக்கும் இடத்துக்குச் சுற்றிவிட்டு, "கேளன்" என்று மட்டும் சொல்வான். அந்தப் பாட்டில் சொற்கள் மிகக் குறைவு. நாலைந்து வரி, திரும்பத் திரும்ப. கெட்ட வார்த்தை, கல்லறை, சண்டை எதுவும் இல்லை. ஓர் ஆள் நிலவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறான், அவ்வளவுதான். அயர்லாந்தைப் பற்றியே பாட வேண்டும் என்று பிறந்ததிலிருந்து தலையில் சுமத்தப்பட்டவன், ஒரு தடவையாவது அதை இறக்கி வைத்தால் என்ன குற்றம் என்பது அவன் கேள்வி. "நாங்களும் எப்ப பாத்தாலும் ஊரைப் பற்றியே கதைக்க வேணுமோடா?" என்று ஒருநாள் கேட்டான். அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அதன்பின் கோண்டாவில்காரன் சோறு வடிக்கப் போய்விட்டான்.

ஸ்ட்ரமரைப் பற்றியும் நீர்வேலிக்கு நல்ல வாதம் ஒன்று இருந்தது. பங்க்காரன் தயாரித்தால் கூச்சல் கூடும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தோம். அந்த ஆள் செய்தது மறுவளம். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் மூச்சுவிட இடம் கொடுத்தார். முதல் பாட்டிலேயே ஸ்பைடர் ஸ்டேசியின் குழல் தனியாகத் துள்ளுகிறது. முன்னைய அல்பங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலுக்குள் நுழைய முண்டியடிப்பார்கள், இதில் ஒவ்வொருவராக வருகிறார்கள். இதை நான் அப்போது ஒத்துக்கொள்ளவில்லை. நான் கோண்டாவில் கட்சி. தாய்லாந்துக்காக அல்ல, வேகத்துக்காக. இருபத்துநாலு வயதில் மெதுவான பாட்டு யாருக்கு வேண்டும்?

நான் கட்சி மாறியது 'லோர்காஸ் நொவீனா'வால். ஸ்பானியக் கவிஞர் ஃபெடெரிகோ கார்சியா லோர்காவைப் பற்றிய பாட்டு. 1936 ஓகஸ்டில் கிரனாடா பக்கத்தில் அவரைக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. பாட்டு பேஸ் கிற்றாரில் தொடங்கும், அடியில் மேளம் ஊர்வலம் போல நடந்து வரும். ஷேனின் குரல் அங்கேயும் தெளிவில்லைதான். ஆனால் அந்தப் பாட்டில் செத்தவரின் உடல் கொன்றவர்களுக்கு அகப்படாமல் தானாகவே எழுந்து நடந்து போய்விடுகிறது.

ஊரில் 1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கியிருந்தது. கடிதம் மாதக் கணக்கில் கொழும்பில் தங்கி வரும். மார்கழியில் அம்மாவின் கடிதம் ஒன்று வந்தது. எங்கள் வகுப்புப் படத்தில் இரண்டாம் வரிசையில் இடது கரையில் நிற்கிறவனை ஆவணி மாதம் முதல் காணவில்லை, தாய் ஒவ்வொரு இடமாகத் தேடித் திரிகிறா என்று நடுவில் இரண்டு வரி. அடுத்த வரியில் மாமரம் பூத்த சேதி. அன்று இரவு வேலைக்குப் போனேன். கிழவர் லீவு. கசெற் தானாகத் திரும்பித் திரும்பி ஓடியது. நாதஸ்வரம், பிறகு போக்ஸ், பிறகு நாதஸ்வரம். விடிகாலை நாலு மணியளவில், பம்புக்கு ஒருவரும் வராத நேரம், அந்த மேளம் வந்தது. உடல் எழுந்து நடந்தது. கல்லாவுக்குப் பின்னால் நான் எழுந்து நின்றுவிட்டேன், ஏன் என்று தெரியவில்லை.

காலையில் அறைக்கு வந்து, "நீர்வேலி சொல்றது சரி" என்றேன். ஏன் என்று இரண்டு பேருமே கேட்டார்கள். கடிதத்தைக் கொடுத்தேன். கோண்டாவில்காரன் படித்துவிட்டு, "இது வாதமில்லை மச்சான்" என்றான். உண்மைதான். பாட்டு நல்லதா என்பதும் கேட்டவன் மனநிலையும் வேறு வேறு. ஆனாலும் நான் திரும்பக் கட்சி மாறவில்லை.

அடுத்த வருடம் ஷேனைக் கோஷ்டியே வெளியே அனுப்பியது, ஜப்பானில் வைத்து. குடி அந்த அளவுக்குப் போயிருந்தது. கொஞ்சக் காலம் ஸ்ட்ரமரே முன்னால் நின்று பாடினார். அதனால் 'ஹெல்ஸ் டிச்' ஷேனோடு அவர்கள் செய்த கடைசி அல்பமாகிவிட்டது. கடைசி அல்பம் என்றால் எல்லோருக்கும் ஒரு முடிவு முதலிலேயே தெரிந்துவிடுகிறது, சரிவைத் தேடித் தேடிக் கேட்கிறார்கள். அது தனியாக, முதலாவதாக வந்திருந்தால் இதே விமர்சகர்கள் தலையில் வைத்து ஆடியிருப்பார்கள் என்பது என் கணிப்பு. கோண்டாவில்காரன் 1994 இல் ரொறொன்ரோ போய்விட்டான். அதன் பிறகு சண்டை போன் வழியே.

2001 இல் ஷேனோடு கோஷ்டி திரும்பச் சேர்ந்தது. அதற்குப் பிறகு ஒரு டிசம்பர் மாதம் பிரிக்ஸ்டன் அகடமியில் பார்க்கப் போனோம். கோண்டாவில்காரனும் கல்யாணம் ஒன்றுக்கு வந்து நின்றான். 'ஹெல்ஸ் டிச்'சின் முதல் பாட்டான 'சனி சைட் ஒஃப் த ஸ்ட்ரீற்' தொடங்கியதும் மண்டபம் முழுக்கக் குதித்தது, பியர் தலையில் மழையாய் விழுந்தது. நீர்வேலிக்காரன் எதுவும் சொல்லாமல் கோண்டாவிலைத் திரும்பிப் பார்த்தான். "இது ஒரு பாட்டு. மிச்சம் பன்னிரண்டு?" என்று காதுக்குள் கத்தினான் கோண்டாவில். ஆனால் அவனும் குதித்துக்கொண்டுதான் நின்றான்.

ஷேன் மக்கோவன் 2023 நவம்பர் 30 ஆம் திகதி போய்ச் சேர்ந்தார். இரண்டு நாள் கழித்து ரொறொன்ரோவிலிருந்து போன். நீர்வேலிக்காரனும் என் வீட்டில் இருந்தான், அந்தக் கசெற்றைக் கொண்டு வந்திருந்தான். போட்டுக் கேட்க எங்கள் இருவர் வீட்டிலும் இப்போது பிளேயர் இல்லை. மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீல மை மங்கிவிட்டது, னகரச் சுழி மட்டும் இன்னும் அட்டைக்கு வெளியே போய்க்கொண்டிருக்கிறது.

போனை மேசையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினேன். கோண்டாவில்காரன் சுகம் விசாரிக்கவில்லை. "முழுக்கத் திரும்பக் கேட்டனான்" என்று தொடங்கினான். குரல் தெளிவில்லை என்று தான் சொன்னது பிழை என்றான். அந்த அல்பத்தில் பாடுகிறவன் எல்லாருமே பாதி தூரம் போனவன், லோர்கா, மெடூசா கப்பல் தரைதட்டியபின் தெப்பத்தில் மிதந்த சனம், கடற்கரையில் கிடப்பவன், இவர்களுக்குத் தெளிவான குரல் கொடுத்திருந்தால்தான் பொய் என்றான். கடைசிப் பக்கத்தில் மற்றவர்கள் எழுதியதைச் செருகவில்லை, பாடகன் மெல்ல அறையை விட்டுப் போகப் போக மற்றவர்கள் வாசிப்பைக் கையில் எடுக்கிறார்கள் என்றான். தாய்லாந்துக்கும் ஏதோ சொன்னான். நானும் நீர்வேலியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முப்பது வருடம் நாங்கள் இருவரும் சேர்ந்து சொன்னதை விட நன்றாக இருந்தது.

"சரி, இதுதான் உங்கட வாதம்" என்றான். "இனி உடைக்கப் போறன்."

காத்திருந்தோம். அங்கே யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "வேலைக்கு நேரமாச்சு, நாளைக்கு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டான்.

பிறகு எத்தனையோ தடவை கதைத்திருக்கிறோம். மகள் கல்யாணம், முழங்கால் வலி, இந்த மலருக்கு விளம்பரம் பிடிப்பது எல்லாம் பேசியாயிற்று. அதை மட்டும் இன்னும் அவன் உடைக்கவில்லை.