எங்கே, ஒரு தடவை இருமுங்க

நெஞ்சு ஆபரேஷன் முடிந்து வருகிறவரிடம் "வலி இருக்கா?" என்று கேட்டதோடு நான் விடுவதில்லை. "எங்கே, ஒரு தடவை இருமுங்க" என்பேன். அசையாமல் படுத்திருக்கும்போது பத்துக்கு இரண்டு என்று சொன்னவர், இருமும்போது எட்டு என்பார். சார்ட்டில் அந்த எட்டையும் கட்டாயம் எழுதுவேன்.

பைபாஸ் என்றால் நெஞ்செலும்பை நடுவே ரம்பத்தால் பிளந்து, பிறகு கம்பியால் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். நுரையீரல் ஆபரேஷன் என்றால் விலா எலும்புகளுக்கு நடுவில் வெட்டு, கூடவே டியூப். கை உடைந்தால் கட்டுப் போட்டு அசையாமல் வைக்கலாம். நெஞ்சை அப்படி வைக்க முடியுமா? வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் சளி அடியில் தங்கிவிடும். நிமோனியாவுக்கு அதுவே போதும்.

"பார்க்கவே பாவமா இருக்கு சிஸ்டர், ஒரு ஊசி போட்டுத் தூங்க வெச்சிடுங்க" என்று சொந்தக்காரர்கள் கெஞ்சுவார்கள். மார்ஃபின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு வலி மருந்துகள் எல்லாம் நல்ல மருந்துகள்தான். ஆனால் அளவு கூடினால் மூச்சு மந்தமாகும், இருமல் அடங்கும், குமட்டும், மலம் கட்டும். அவர் தூங்குகிறார், சளி உள்ளேயே இருக்கிறது. நான் பயப்படுவது இதற்குத்தான்.

இப்போது மயக்க மருந்து டாக்டர்கள் செய்யும் ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே, முதுகுத்தண்டை ஒட்டிய தசைக்கு அடியில் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துகிறார்கள். எரெக்டர் ஸ்பைனே பிளாக் என்று பெயர். 2016-இல்தான் முதன்முதலாக இதைப் பற்றி எழுதினார்கள். முதுகில் தண்டுவடத்துக்கு அருகே போடும் எபிடியூரல் ஊசியும் வலியை நன்றாக அடக்கும். ஆனால் இதய ஆபரேஷனில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரினை நிறையக் கொடுப்பதால், தண்டுவடத்தை ஒட்டி ரத்தம் கசிந்து கட்டிவிடுமோ என்ற பயம் உண்டு. பிளாக்கில் ஊசி தண்டுவடத்துக்குத் தள்ளியே நிற்கிறது. மெல்லிய குழாய் ஒன்றை விட்டுவைத்தால் மருந்தைத் தொடர்ந்தும் கொடுக்கலாம். இதோடு நேரம் தவறாமல் பாராசிட்டமால். வலி வந்தபிறகு கொடுப்பது அல்ல, வருவதற்கு முன்பே கொடுப்பது. அப்படிச் செய்தால் மார்ஃபின் கேட்பது குறைவதைக் கண்ணால் பார்க்கிறேன். தலையணையை நெஞ்சோடு அணைத்து இருமுகிறார்கள், மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவியில் பந்தைத் தூக்குகிறார்கள். (அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். தினமும் யாராவது ஊதுகிறார்கள்!)

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஓபியாய்டைக் குறைப்பது வேறு, வலியில் தவிக்க விடுவது வேறு. மார்ஃபின் என்றாலே போதை, பழகிவிடும் என்ற பயம் நம் ஊரில் அதிகம். பிளாக்கும் பாராசிட்டமாலும் போட்ட பிறகும் ஒருவரால் இரும முடியவில்லை என்றால் அவருக்கு மார்ஃபின் வேண்டும். கொடுத்துவிட்டு மூச்சு எண்ணிக்கையையும் விழிப்பையும் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். "பொறுத்துக்கங்க ஐயா" என்று சொல்லிவிட்டு நகர்ந்து போவது சிகிச்சை ஆகாது. இதில் எனக்குக் கோபமே வரும்.

ஆபரேஷனுக்கு முன்பு மயக்க மருந்து டாக்டர் வந்து பேசுவார். பிளாக் போட முடியுமா என்று அப்போதே கேளுங்கள். பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நிற்பது, தினமும் தூக்க மாத்திரை, குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். மார்ஃபின் அளவை முடிவு செய்ய இவை தேவை.

வீட்டுக்குப் போன பிறகு, பைபாஸ் ஆனவர்கள் மெடிக்கலில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் என்று வலி மாத்திரைகளைத் தாங்களாகவே வாங்கிப் போடக் கூடாது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் ஆபத்து. எழுதிக் கொடுக்கும் டிரமடால் என்ற வலி மாத்திரையில் பல நேரம் பாராசிட்டமாலும் கலந்திருக்கும். அது தெரியாமல் தனியாக வேறு பாராசிட்டமால் போட்டால் அளவு மீறிவிடும். அதனால் டிஸ்சார்ஜ் அன்றே, எந்த மாத்திரையை எத்தனை நாள், எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மலம் இளக மருந்தும் சேர்த்துக் கேளுங்கள்.